லியூ கொண்டுவந்த ஜோடி

அந்தப் பையை மேல தூக்கிப் போடாதம்மா, என் மடியில குடு. உள்ள பீங்கான் கப் இருக்கு. இவ்வளவு தூரம் உடையாம கொண்டுவந்துட்டேன், தேவகோட்டை போறதுக்குள்ள உடைஞ்சா நான் அழுதுருவேன். ஆமா, சைனா கப்புதான். பர்மா பஜார் சைனா இல்லம்மா, நெஜ சைனா. கோலாலம்பூர் வந்து, அங்க மாறி, திருச்சியில எறங்கி, நேரா இந்த பஸ்ஸுல வந்து உக்காந்திருக்கேன்.

தனியாத்தான் போனேன். நீயும் அதையேதான் கேக்குற. விசாவுக்குப் போனா அங்க கேட்டாங்க. ஏர்போர்ட்ல கேட்டாங்க. அங்க போய் எறங்கினா, ஓட்டல்ல இருக்குற பொண்ணு ஒத்த விரலைக் காட்டி, புருவத்தத் தூக்கிக் கேக்குது. ஒண்ணுதாம்மா, ஒண்ணேதான்னேன். என் தம்பி பொண்டாட்டி மட்டும் தனியாவான்னு கேக்கல. "இந்த வயசுல எதுக்கு அண்ணி"ன்னு கேட்டா. அறுபத்தொண்ணெல்லாம் ஒரு வயசா? நீ சொல்லு.

நான் டீச்சர். சௌந்தரவல்லி டீச்சர்னு தேவகோட்டையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. சரித்திரம், பூகோளம். வருஷா வருஷம் யுவான் சுவாங் நடத்துவேன். சைனாவுலருந்து தனியாக் கெளம்பி, பாலைவனம் தாண்டி, மலை தாண்டி, காஞ்சிபுரம் வரைக்கும் வந்தாருன்னு கரும்பலகையில மேப் போட்டுக் கோடு இழுப்பேன். இழுக்குறப்பல்லாம் மனசுக்குள்ள தோணும்: அந்த மனுஷன் நடந்தே வந்து நம்ம ஊரப் பாத்துட்டுப் போயிருக்காரு, நம்ம பக்கத்துலருந்து யாராவது பதிலுக்குப் போய்ப் பாக்க வேண்டாமா? அவ்வளவுதான். பெரிய ஆசையெல்லாம் இல்ல. அங்க ஆயிரம் வருஷத்துப் பழைய கோயில் ஒண்ணைப் பாத்துட்டு வந்துடணும்.

மூணு பேரும் சேந்து போறதாத்தான் இருந்துச்சு. நான், கமலவேணி, ஜெபமணி. ஒரே ஸ்கூல், ஒரே ஸ்டாஃப் ரூம். கமலவேணி தமிழ், ஜெபமணி கணக்கு. போன தீபாவளிக்கே முடிவு பண்ணியாச்சு. நான்தான் எல்லாம் பாத்தேன். எந்த ஊரு, எந்த ஓட்டல், எந்த ரயிலு, என்ன துணி எடுத்து வைக்கணும், என்ன மாத்திரை கொண்டுவரணும், ஒண்ணு விடாம நான்தான். கமலவேணி சேலைதான் கட்டுவேன்னா. சேலையக் கட்டிக்கிட்டு அவ்வளவு படி எப்படி ஏறுவ, சுடிதார் தச்சுக்கன்னு சொல்லி, நானே கடைக்குக் கூட்டிட்டுப் போய், நானே துணி எடுத்து, நானே தைக்கக் குடுத்தேன். அவளுக்குக் கலர் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் கமலவேணி போன் பண்ணி, "சௌந்தரா, முட்டி வலி தாங்கல, டாக்டர் படி ஏறக்கூடாதுன்னுட்டாரு"ங்கிறா. மறுநாளே ஜெபமணி, "மாப்பிள்ளை வர்றாரு, பேரப்பிள்ளைகளுக்கு லீவு, நான் இல்லாம எப்படி"ங்கிறா. மாப்பிள்ளை இவளப் பாக்கவா வர்றாரு? அவரு வந்தா போனும் கையுமாத்தான் உக்காந்திருப்பாரு, எனக்குத் தெரியாதா? சரி, வராதவங்களக் கட்டி இழுத்துட்டா போகமுடியும். நான் மட்டும் கெளம்பிட்டேன்.

என்னம்மா சிரிக்கிற? இல்லையா? சரி.

அவங்ககூட நான் மைசூர் போயிருக்கேன், நல்லாத்தான் போயிட்டு வந்தோம். விடியறதுக்கு முன்னாடி எழுப்பிவிட்டுருவேன், அதுல கொஞ்சம் மொணமொணம்பாளுக. ஜெபமணிக்கு அல்சர். அவ மசால் தோசை கேட்டா, நான்தான் சர்வர்ட்ட, "அதெல்லாம் வேண்டாம்ப்பா, இட்லி வை"ன்னேன். யாரு சொல்லுவா அவளுக்கு? அக்கறை இருக்குறவதான சொல்லணும்.

சரி, கோயிலுக்கு வர்றேன். ஷான்ஷின்னு ஒரு மாநிலம். ரயில்ல போய் எறங்கி, அங்கேருந்து பஸ்ஸுல போகணும். கோயில் பேரு வாயில நுழையாது, நான் மலைக்கோயில்னே சொல்றேன். முழுக்க மரம்மா. தூணு, உத்தரம், கூரை எல்லாமே மரம். ஒரு ஆணி அடிக்காம கட்டினதுன்னு படிச்சிருக்கேன். டிக்கெட்ட முன்னாடியே போன்ல எடுக்கணுமாம், எல்லாம் சைனா எழுத்து. ஓட்டல்காரப் பொண்ணத்தான் எடுத்துக் குடுக்கச் சொன்னேன். அது எடுக்குறப்போ எதையோ சொல்ல வந்துச்சு. போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுச்சு. "தெரியும் தெரியும், நீ டிக்கெட்ட எடு"ன்னு சொல்லிட்டேன். ரொம்பப் பேசுற பொண்ணு அது.

வெயிலு பத்தி சொல்லணும். சைனான்னா குளிரும்னு நெனச்சிருக்கேல்ல? நானும் அப்படித்தான். ஜூலை மாசம் நம்ம புதுக்கோட்டை வெயிலு தோத்துப்போகும். அந்த வெயில்ல, தாகமா இருக்குன்னு தண்ணி கேட்டா சுடுதண்ணி குடுக்குறாங்கம்மா. ஆவி பறக்க. குடிச்சா குடி, இல்லாட்டி போ. அவங்களுக்கும் பள்ளிக்கூட லீவு, அதனால கூட்டம்னா கூட்டம். அடிவாரத்துல வரிசை நிக்குது, ஒரு குடும்பமே நடுவுல வந்து நுழையுது. விடுவேனா? "ஏய், வரிசையில நில்லுங்க! பின்னாடி போங்க!"ன்னு தமிழ்லயே ஒரு சத்தம் போட்டேன். கப்சிப்னு போய்ப் பின்னாடி நின்னாங்க. எந்த பாஷையா இருந்தா என்ன, டீச்சர் சத்தம் டீச்சர் சத்தம்தான்.

படி ஏறி ஏறி, மூச்சு வாங்கி, குடையப் பிடிச்சுக்கிட்டு மேல போய் நிமுந்து பாக்குறேன். பச்சை வலை.

ஆமாம்மா. நம்ம ஊர்ல பில்டிங் கட்டுறப்போ சுத்திக் கட்டுவாங்கல்ல, அந்தப் பச்சை வலை. பெரிய மண்டபம் முழுக்கச் சாரம் கட்டி, மேலருந்து கீழ வரைக்கும் வலையப் போத்திட்டாங்க. ஒரு தூணு தெரியல. கூரை நுனி மட்டும் கொஞ்சம் எட்டிப் பாக்குது. முன்னாடி கயிறு கட்டி, ஒரு செக்யூரிட்டி நிக்கிறான். சுத்தி இருக்குற சின்னச் சின்ன சன்னதியெல்லாம் தொறந்திருக்கு, பெரிய மண்டபம் மட்டும் மராமத்து. ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? கடல் தாண்டி வர்றவளுக்கு ஒரு வார்த்தை!

ஒரு மரத்தடியில உக்காந்தேன். ஊருலருந்தே ரோமிங் போட்டுட்டுப் போயிருந்தேன், அதனால வாட்ஸப் வேலை செஞ்சுச்சு. மனசு ஆறட்டும்னு போனைத் தொறந்து ஸ்டேட்டஸ் பாக்குறேன். ஜெபமணி ஸ்டேட்டஸ். கொடைக்கானல் ஏரி. பெடல் மிதிக்கிற படகு. ஒரு பக்கம் ஜெபமணி, இன்னொரு பக்கம் கமலவேணி. முட்டி வலின்னு சொன்னாளே, அவதான், பெடலப் போட்டு மிதி மிதின்னு மிதிக்கிறா! நான் எடுத்துக் குடுத்த சுடிதார் இல்ல, வாடாமல்லி கலர் சேலை. ரெண்டு பேரும் வாயெல்லாம் பல்லு. மாப்பிள்ளையும் இல்ல, பேரனும் இல்ல, ஒருத்தரும் இல்ல. இவளுக ரெண்டு பேருந்தான்.

நான் ஒண்ணும் அனுப்பல. கேக்கவும் இல்ல. நான் எதுக்குக் கேக்கணும்? போனை உள்ள வச்சுட்டேன். சொல்லாமப் போறவங்கள நான் ஏன்னு கேக்குற பழக்கமே கிடையாது.

அப்பதான் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. கயித்துப் பக்கத்துல ஒருத்தி நின்னு அந்த செக்யூரிட்டிகிட்ட கெஞ்சுறா. என்னைவிட நாலஞ்சு வயசு கம்மியா இருக்கும். நறுக்கின முடி, முதுகுல ஒரு பை, கால்ல ரப்பர் செருப்பு. அவளும் தனியா. அவன் கையக் கையக் காட்டி முடியாதுங்கிறான். நான் எழுந்து போனேன். அப்படி ஒருத்தி அழுதுக்கிட்டு நிக்கிறப்போ மரத்தடியில உக்காந்திருக்க முடியுமா?

போன்ல மொழிபெயர்க்குறது ஒண்ணு இருக்கு தெரியுமா, நாம தமிழ்ல பேசினா அது சைனாவுல சொல்லும். அதை அவகிட்ட நீட்டினேன். பேரு லியூன்னு வந்துச்சு. எங்கேயோ தெற்கே, ஒரு ஃபாக்டரி கேன்டீன்ல சமையல் வேலை. ரெண்டு ரயில் மாறி வந்திருக்கா. பையத் தொறந்து ஒரு துணி மூட்டையப் பிரிச்சா. உள்ள குட்டி ஷூ ஒரு ஜோடி. சிவப்புத் துணியில கையால தச்சது. ஷூ மூக்குல புலி மூஞ்சி. மீசை, காது, உருண்டைக் கண்ணு எல்லாம் நூலாலயே போட்டிருக்கா. அவளே தச்சதாம்.

அந்த மண்டபத்துக்குள்ள குழந்தை வரம் குடுக்குற அம்மன் ஒண்ணு இருக்கு. அவ மகளுக்கு ரொம்ப வருஷமாக் குழந்தை இல்ல. லியூ வந்து வேண்டிக்கிட்டுப் போயிருக்கா. இப்ப பொறந்துருச்சு. பொறந்தா ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்து அம்மன் காலடியில வைக்கணும், அதான் அங்க வழக்கம். சாமிகிட்டப் போய்ச் செருப்பான்னு மொதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், நம்ம பக்கம் கருப்பருக்கு இவ்வளவு பெரிய செருப்பு தச்சு வைக்கிறாங்கல்ல, அது மாதிரிதான். போன் அவ பேசினதத் தமிழ்ல காட்டுச்சு: "என் கையால் வைக்க வேண்டும். நான் வாக்குக் கொடுத்தேன். என் கையால்." ரெண்டு தடவ சொன்னா அதை.

எனக்குக் குழந்தை கிடையாதும்மா. நீ கேக்கணும்னு நெனச்சிருப்பே, நானே சொல்லிட்டேன். அவரு போயே ஆறு வருஷம் ஆச்சு. அதெல்லாம் ஆறின விஷயம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

நான் செக்யூரிட்டிகிட்டப் போனேன். "இந்தம்மா எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க, நான் எங்கேருந்து வந்திருக்கேன், சும்மாவா வந்திருக்கோம்?"னு போன்ல கேட்டேன். அது என்னத்தச் சொல்லித் தொலைச்சதோ, அவன் சிரிச்சுட்டு உள்ள போய் எனக்கு ஒரு ஸ்டூலும் பிஸ்கட்டும் கொண்டுவந்து குடுக்கிறான்! பசிக்குதுன்னு சொல்லிருச்சு போல. எனக்கு வந்துச்சே கோவம். போனை மூடிட்டேன். தமிழ்லயே ஆரம்பிச்சேன். வலையப் பத்தி, சுடுதண்ணியப் பத்தி, டிக்கெட் விக்கிறப்பவே சொல்லாததப் பத்தி, எல்லாத்தையும் கேட்டேன். கொடைக்கானலப் பத்திக்கூட ரெண்டு வார்த்தை வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். கூட்டம் கூடிருச்சு. ஆளாளுக்குப் போனத் தூக்கி வீடியோ எடுக்குறாங்க. லியூ என் முழங்கையப் பிடிச்சு இழுக்குறா, வேண்டாம் வேண்டாம்ங்கிற மாதிரி. பயந்த சுபாவம். "நீ பேசாம இரு, நான் பாத்துக்குறேன்"னேன்.

புதுக்கோட்டை வந்துருச்சா? டீ குடிக்கணும்னா குடிச்சுட்டு வாம்மா, எடத்த நான் பாத்துக்குறேன். வேண்டாமா? சரி, கேளு.

சத்தம் கேட்டு வெள்ளச் சட்டை போட்ட ஒருத்தரு வந்தாரு. மேனேஜரா இருக்கணும். மரியாதையான ஆளு. என் பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்தாரு, கூட்டத்தப் பாத்தாரு, வீடியோ எடுக்குறவங்களப் பாத்தாரு. அவர் போனை எடுத்துப் பேசி எனக்குக் காட்டினாரு: "வெளிநாட்டு விருந்தினர். ஒருவர் மட்டும். ஐந்து நிமிடம்." நான் லியூவக் காட்டி, "இவங்க?"ன்னு கேட்டேன். தலைய ஆட்டிட்டாரு. "ஒருவர் மட்டும்." அவளும் என்னைப் பாக்குறா, நானும் அவளப் பாக்குறேன்.

நான் என்னம்மா செய்வேன்? நான் கேக்காம இருந்தேனா? கேட்டேன்ல? முடியாதுன்னுட்டாரு. அதுக்குள்ள ஒருத்தன் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டக் கொண்டுவந்து என் தலையில வச்சு, வாருல மாட்டிட்டான். கட்டட வேலைக்காரங்க போடுவாங்கல்ல, அது. வாராது வந்த வாய்ப்பு, ரெண்டு பேருக்கும் போயிடக் கூடாதுன்னு எனக்குச் சட்டுனு ஒரு யோசனை. லியூ கையில இருந்த ஷூவுக்குக் கைய நீட்டினேன். "குடு, நான் வச்சுடுறேன்"னேன். அவ நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டா. சங்கடப்படுறா, பாவம். ஊருபேரு தெரியாத ஒருத்தி நமக்காக இவ்வளவு செய்யுறாளேன்னு இருக்கும்ல? "அட, எனக்கென்ன சிரமம், குடு"ன்னு வாங்கிட்டேன். கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்துச்சு. அந்த மேனேஜரு வேற வாட்சக் காட்டுறாரு. வாசல்லயே நில்லுன்னு அவளுக்குக் கையக் காட்டிட்டு உள்ள போயிட்டேன்.

உள்ள எல்லாமே பச்சையா இருந்துச்சு. வலை வழியா வெயிலு வருதுல்ல, கொளத்துத் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி. வெளிய அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம், உள்ள ஒண்ணுமே கேக்கல. மரவாசனை. என்கூட வந்தவன் ஒரு டார்ச்ச அடிச்சு வழி காட்டினான். கம்பிகளுக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு போனேன். அம்மன் ஒரு ஓரத்துல இருந்தா. மண்ணுல செஞ்சு வர்ணம் பூசின செலை. வர்ணமெல்லாம் உதுந்து போச்சு. மடியில ஒரு குழந்தை. காலடியில பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு மூடி வச்சிருந்தாங்க. தூக்கிப் பாத்தா, ஷூ. குட்டிக் குட்டியா, குவியலா. எத்தன கலரு! கடையில வாங்கினது, கையால பின்னினது, பழசாப் போய் நூலு தெரியறது. அவ்வளவு பிள்ளைங்க.

நான் லியூ ஷூவக் கையில வச்சிருந்தேன். ரெண்டும் சேந்து என் உள்ளங்கையில அடங்கிருச்சும்மா. அதுல எடையே இல்ல. புலியோட மீசை விரல்ல குத்துது. வைக்கணும்னு குனிஞ்சேன், வைக்கல. கொஞ்ச நேரம் வச்சிருந்தேன். அந்த டார்ச்சுக்காரன் இருமினான்.

என்ன வேண்டிக்கிட்டேன்னு கேக்காத, ஒண்ணும் வேண்டிக்கல. ஆனா நம்ம கோயில்ல அர்ச்சனைன்னா பேரு, நட்சத்திரம் கேப்பாங்கல்ல? யாரு பேருக்குன்னு சொல்லாம எப்படி வைக்கிறது? குழந்தை பேரு எனக்குத் தெரியாது. அவ மக பேரும் தெரியாது. கேட்டுட்டு வர நேரம் குடுக்கல. அதனால என் பேரச் சொன்னேன். சௌந்தரவல்லி, பூர நட்சத்திரம். ஒரு பேரு வேணும்ல? சொல்லி, குவியலுக்கு மேல வச்சேன். போன்ல ஒரு போட்டோவும் எடுத்தேன், லியூகிட்டக் காட்டணும்னு.

வெளிய வந்தப்புறம்தான் ஞாபகம் வருது, அந்த மண்டபத்த நான் பாக்கவே இல்ல. ஆணியில்லாத உத்தரம், ஆயிரம் வருஷத் தூணு, எதுக்குப் போனேனோ அது ஒண்ணையும் பாக்கல. நிமுந்து கூரையக்கூடப் பாக்கல. இவ வேலையச் செஞ்சுட்டு வந்துட்டேன். மறுபடியும் ஒரு நிமிஷம் விடுங்கன்னு மேனேஜர்கிட்டக் கேட்டேன். ஹெல்மெட்டக் கழட்டி வாங்கிக்கிட்டாரு.

சரி, லியூவாவது சந்தோஷப்படட்டும்னு பாத்தா, ஆளக் காணோம்.

வாசல்லயே நில்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். நிக்கல. அந்த ஸ்டூல் இருக்கு, பிஸ்கட் இருக்கு, அவ இல்ல. சின்னச் சன்னதியெல்லாம் போய்ப் பாத்தேன். பாத்ரூம் பக்கம் பாத்தேன். "லியூ! லியூ!"ன்னு கத்திப் பாத்தேன், நாலு பேரு திரும்பினாங்க, நாலு பேருக்கும் லியூன்னுதான் பேரு போல. செக்யூரிட்டி கீழே கையக் காட்டினான், எறங்கிப் போயிட்டாளாம். எனக்கு எப்படி இருந்திருக்கும், நெனச்சுப் பாரு. ஒருத்திக்காக வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கத்தி, அவ வேண்டுதல நெறவேத்திட்டு வந்தா, சொல்லாமக்கூடப் போயிட்டா! எனக்கு மட்டும் ஏம்மா இப்படியே நடக்குது? நான் யாருக்கு என்ன கொறை வச்சேன்?

வேற வழியில்லாம நானும் எறங்கினேன். ஏறுறப்ப இருந்த வேகம் எறங்குறப்ப இல்ல. கீழ பஸ் நிக்குற எடத்துல, கடைங்களுக்கு முன்னாடி ஒரு திண்டுல உக்காந்திருக்கா. பை மடியில இருக்கு, ரெண்டு கையும் அது மேல சும்மா கெடக்கு. எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. பக்கத்துல போய் உக்காந்து போட்டோவக் காட்டினேன். "பாரு, வச்சாச்சு. எல்லாத்துக்கும் மேல வச்சிருக்கேன். புலி மூஞ்சி அம்மனப் பாத்த மாதிரி."

அவ போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்தா. விரலால பெருசாக்கிப் பாத்தா. அப்புறம் மெதுவா ஏதோ பேசினா. போன்ல தமிழ்ல வந்துச்சு: "என் நன்றி உங்கள் கையில் போய்விட்டது."

அந்த மெஷினுக்கு இலக்கணம் சுத்தமாத் தெரியாதும்மா. கமலவேணி பாத்தா தலையில அடிச்சுக்குவா. ஆனா நன்றின்னு வந்துச்சுல்ல, அது போதும் எனக்கு. "பரவால்ல பரவால்ல, இதுக்கெல்லாம் என்ன நன்றி"ன்னு அவ கையத் தட்டிக் குடுத்தேன். அவ கைய எடுத்துக்கிட்டா. எந்திருச்சு ஒரு கடைக்குள்ள போயிட்டா. ஊருக்கு ஏதாவது வாங்குவா போலன்னு நெனச்சேன்.

அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. அவளும் டவுனுக்குத்தான போகணும், ரயிலுக்கு? நான் ஏறி, பக்கத்து சீட்டுல என் குடைய வச்சு அவளுக்கு எடம் பிடிச்சேன். ஒருத்தன் குடைய எடுக்கச் சொன்னான். "ஆளு வருது"ன்னு அதட்டினேன், பின்னாடி போயிட்டான். டிரைவர் கதவ மூடிட்டான். நான் எந்திருச்சு, இன்னும் ஒரு ஆளு, இன்னும் ஒரு ஆளுன்னு கையக் காட்டுறேன், அவன் உக்காரச் சொல்றான். பஸ் நகருது.

அப்ப லியூ கடையிலருந்து வெளிய வந்தா. கையில ஒரு பிளாஸ்டிக் கவரு. கண்ணாடிக் கவரு, உள்ள இருக்குறது தெரியுது. குட்டி ஷூ. சிவப்பு. கடை ஷூ, மெஷின்ல தச்சது. அவ பஸ் பக்கம் வரல. என்னைப் பாத்தாளா இல்லையான்னு தெரியல. நேரா படிப் பக்கம் போனா. அந்த வெயில்ல, தலையில ஒரு துணிகூடப் போடாம, மறுபடியும் ஏற ஆரம்பிச்சுட்டா!

எதுக்கும்மா? நான்தான் வச்சுட்டேனே! போட்டோவக் காட்டினேன், பாத்தாளே! மேல போனா அவன் விடப்போறானா? அதே கயிறு, அதே ஆளு, என்னை மாதிரி பேசுறதுக்கு ஆளும் இல்ல. நான் கண்ணாடியத் தட்டோ தட்டுன்னு தட்டினேன். ஏசி பஸ்ஸு, தொறக்க முடியாது. "லியூ! வச்சாச்சு! ஏய், வச்சாச்சுடி!"ன்னு கத்துறேன். பஸ்ஸுக்குள்ள இருந்தவங்கதான் திரும்பிப் பாக்குறாங்க, அவ திரும்பல. ஒவ்வொரு படியா, கவர நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, ஏறிப் போறா. வளைவுல பஸ் திரும்புற வரைக்கும் பாத்தேன். குடைய எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். டவுன் வர்ற வரைக்கும் அந்த சீட்டுல யாரும் வந்து உக்காரல.

அதுக்கப்புறம் மூணு ஊரு பாத்தேன், பெரிய சொவரு பாத்தேன், எல்லாம் பாத்தேன். ஒண்ணும் மனசுல நிக்கல. படுத்தா இவ படி ஏறுறதுதான் வருது. என்ன பொம்பள இவ? செஞ்ச உதவியப் புரிஞ்சுக்காதவ. சில பேருக்கு எவ்வளவு செஞ்சாலும் நெறையாது.

இந்தா, போட்டோவ நீயே பாரு. இரு, வெளிச்சத்தக் கூட்டுறேன். இது அம்மன் காலு. இது மத்த ஷூவெல்லாம். எல்லாத்துக்கும் மேல, செவப்பா, தெரியுதா? மீசை தெரியுதா? கோணலா இல்லையே? நேராத்தான இருக்கு?

யாரு கையால வச்சா என்ன, அங்க இருக்குல்ல?

நீ சொல்லு. வச்சாச்சுதானே?